காலடி கூறும் செய்தி

‘நடை’ என்னும் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வழங்குவது. காலால் நடத்தலும் நடை. ஒருவர்தம் ஒழுகலாறும் நடை. புலவர் எழுதும் உரையின் போக்கும் நடை. ‘அடி’ என்பதும் அவ்வாறே. மண்ணில் ஊன்றுவதும் அடி. செய்யுளிற் சீர்கள் தொடர்ந்து அமைவதும் அடி. சிறப்புத் தமிழ் வகுப்பில் யாப்பிலக்கணம் பயிலும் எமக்கு இஃது ஒரு சொல்லொற்றுமை என்னும் அளவிலேயே நெடுநாள் தோன்றியிருந்தது. மாந்தர் நடையை நுண்ணிய உணரிகளால் அளந்து, அவ்வளவைகளைக் கணிப்பொறிக்குப் பயிற்றி, அவற்றினின்று நோயும் தளர்ச்சியும் அறியும் புதுத்துறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னரே, நம் முன்னோர் இரண்டிற்கும் ஒரு பெயர் இட்டது எத்துணைப் பொருத்தம் என்பது எமக்கு விளங்கிற்று. அத்துறையின் இயல்பை, அறிவியல் பயிலாத நண்பரும் உணருமாறு ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்போம்.

யாம் இதனைத் தேடிப் படித்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. எம் வீடு விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஒரு கரிசற்காட்டுச் சிற்றூரில் உள்ளது. எம் பாட்டனார் முதுமையிற் கண்ணொளி இழந்தவர். திண்ணையில் அமர்ந்தவாறே, தெருவில் வருவோர் இன்னார் எனக் காலோசை கொண்டு சொல்லுவார். அது தப்புவது அரிது. எம் பாட்டியார் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என எம் ஊரார் வழங்கும் தொழிற்சாலையில் பல்லாண்டு குச்சி அடுக்கியவர். நீரிழிவு நோய் உடையவர். ஒருநாள் பாட்டனார் எம் தந்தையாரை அழைத்து, “தம்பி, உன் அம்மா நடை முன்போல் இல்லையே. வலக்காலை ஊன்றினால் எடுக்க நேரம் ஆகிறது. என்னவென்று பார்” என்றார். பாட்டியாரை வினவினோம். “எனக்கு ஒரு வலியும் இல்லை. அவருக்குக் காது மந்தம்” என்று நகைத்தார். யாமும் நகைத்து அதனை விட்டுவிட்டோம். ஏறத்தாழ இரண்டு திங்கள் கழிந்தபின், பாட்டியாரின் வலப்பாதத்தின் அடியில், பெருவிரல் தொடங்கும் இடத்தில், ஆழ்ந்த புண் ஒன்று இருத்தலை எம் தாயார் கண்டார். அவ்விரலை நீக்க நேர்ந்தது. வலி இல்லை என்று அவர் கூறியது மெய்யே. வலியை உணர்த்தும் நரம்பு அப்பாதத்தில் முன்னரே அவிந்திருந்தது. காலடி கூறிய செய்தி கண்ணிழந்த ஒருவர் செவிக்கு எட்டியது. கண்ணுடைய எமக்கு எட்டிற்றிலது.

பாட்டனார் செவி அறிந்தது யாது? அதனை ஒரு கருவி அறியுமா? அறியுமெனின் எவ்வாறு அறியும்? இவையே எம் வினாக்கள்.

நடத்தல் எளிதன்று என்பதைக் குழந்தைகளைக் காண்பார் அறிவர். ஒரு காலின் குதிகால் நிலத்தைத் தொடும் நொடி முதல், அக்குதிகாலே மீண்டும் நிலத்தைத் தொடும் நொடி வரையில் உள்ள காலத்தை ‘நடைச்சுற்று’ என்பர். நலமுடையார் இயல்பாக நடக்குங்கால் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு விநாடியில் முடியும். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு காலம் அப்பாதம் நிலத்தில் ஊன்றி நிற்கும். எஞ்சிய நாற்பது பங்கு வானில் வீசிச் செல்லும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பாதங்களும் ஒருங்கே நிலத்தில் நிற்கும் சிறுபொழுதுகள் இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவினது. ஓடுங்கால் இவ்விரட்டை ஊன்றல் அறவே மறைந்துவிடும். நடைக்கும் ஓட்டத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இச்சுற்று மீண்டும் மீண்டும் வருதலின் நடைக்கு ஓர் ஓசையொழுங்கு உண்டாகிறது. செய்யுளிற் சீரோடு சீர் ஒத்து வருதல் போன்றது அது. அவ்வொழுங்கு கெடின் ‘தளை தட்டுகிறது’ என்று நாம் செய்யுளைச் சொல்லுவோம். நடையிலும் நோய் புகுமிடத்துத் தளை தட்டும். ஒரு காலில் வலியிருப்பின் அதனை ஊன்றி நிற்கும் காலம் குறுகும். இதனையே ‘தாங்கித் தாங்கி நடத்தல்’ என்கிறோம். பாதத்தை மேலே தூக்கும் தசை செயலற்றால், முழங்காலை உயர எடுத்து வைப்பர். பாதம் தட்டென நிலத்தில் விழும். பக்கவாதம் உற்றவர் காலை வெளிப்புறம் வளைத்து அரைவட்டமாக வீசுவர். நடுக்குவாதம் உற்றவர் சிற்றடி வைத்து நிலத்தைத் தேய்த்து நடப்பர். நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர் தம் அடி நிலத்தில் எங்குள்ளது என்பதைத் தெளிவாக அறியாமையின், வேகம் குறைத்து, கால் அகட்டி, இரண்டு பாதமும் ஊன்றிய பொழுதை நீட்டித்து நடப்பர். எம் பாட்டனார் கேட்டது இந்நீட்டிப்பையே போலும்.

இவற்றை அளந்தறிய முயன்றோர் பலர். செருமானிய நாட்டு வேபர் உடன்பிறந்தார் 1836-ஆம் ஆண்டில் மாந்தர் நடைக்கருவிகளின் இயக்கம் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். பாரிசு நகரத்து உடலியலறிஞர் மாரே என்பவர் 1870-களில் ஒரு விந்தையான காலணி அமைத்தார். அதன் அடியிற் காற்றறை ஒன்று இருந்தது. பாதம் ஊன்றும்போதெல்லாம் காற்று அமுங்கி, ஒரு குழாய் வழியே சென்று, நடப்பவர் கையில் ஏந்திய பதிவுகருவியின் முள்ளை அசைத்துக் கோடு வரையும். மின்சாரம் ஒரு சிறிதும் வேண்டாத கருவி இது. இதனை நண்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னர்ப் பயன்படும்.

இத்துறையில் நம் தமிழ்நாட்டிற்கும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. மிஷனரிப் பெற்றோர்க்கு 1914-ஆம் ஆண்டு பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் கைகால் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்வன என்பது அக்காலத்தார் எண்ணம். பிராண்டு அவர்களோ, நோய் வலியுணர்வை மாத்திரம் அழிக்கிறது என்றும், வலியறியாமையால் நேரும் காயமும் ஓயாத அழுத்தமுமே உறுப்பை அழிக்கின்றன என்றும் ஆராய்ந்து காட்டினார். அடிப்புண் ஆறுவதற்கு மருந்தினும் அழுத்தம் நீக்கலே முதன்மை எனத் தெளிந்து, வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரித் தொழுநோய் நிலையத்திலும் மென்மையான ரப்பர் அடிகொண்ட செருப்புகள் செய்விக்கப்பட்டன.

1966-இல் அமெரிக்க நாட்டின் கார்வில் மருத்துவ நிலையத்திற்குச் சென்ற பின்னரும் அவர் பாதங்களையே ஆராய்ந்து வந்தார். சாயம் நிறைந்த நுண்ணிய குமிழ்கள் பொதிந்த காலுறையை நோயாளிக்கு அணிவித்து நடக்கச் செய்வார். அழுத்தம் மிக்க இடத்திற் குமிழ்கள் உடைந்து சாயம் படியும். நாளை எங்கே புண் வரும் என்பதை அக்கறை இன்றே காட்டிவிடும். நலமுடைய ஒருவர் நெடுந்தொலைவு நடக்குங்கால், ஓரிடம் நோகத் தொடங்கியதும், தாம் அறியாமலே பாதத்தைச் சிறிது சாய்த்து, சுமையை வேறிடத்திற்கு மாற்றிக்கொள்கிறார். உணர்விழந்தவரோ முதல் அடி வைத்தவாறே ஆயிரமாவது அடியும் வைக்கிறார். ஒரே இடம் இடிபட்டுப் புண்ணாகிறது. மாறாத நடையே அங்கு நோயின் அறிகுறி. யாப்பு வழுவாமல் எழுதப்பட்ட அடியும் சிலவிடத்து உயிரற்றதாதல் போன்றது இஃது என்று எமக்குத் தோன்றியது. தொழுநோயாளர்க்குக் கண்ட இவ்வுண்மைகள் நீரிழிவுடையார் பாதங்களுக்கும் அவ்வாறே பொருந்தின. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவுடையார் தொகை ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் என்பதை நோக்கின், இதன் பெருமை விளங்கும்.

நிற்க. இக்காலத்து உணரிகளைக் காண்போம். மாட்டுவண்டி திடுமெனப் புறப்பட்டால் உள்ளிருப்பவர் பின்னே சாய்கிறார். நின்றால் முன்னே சாய்கிறார். அச்சாய்வை அளக்க முடியுமாயின் வண்டியின் வேகமாற்றத்தையும் அளக்கலாம். முடுக்கமானி என்னும் கருவி இவ்வாறே அமைந்தது. மணலினின்று பெறும் சிலிக்கனில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று, அதனினும் நுண்ணிய வில்களால் தாங்கப்பட்டிருக்கும். உடல் அசையும்போது அவ்வெடை சிறிது பின்தங்கும். அதனால் உண்டாகும் மின்மாற்றம் எண்ணாகப் பதியப்படும். இதனோடு திரும்பும் வேகத்தை அளக்கும் சுழல்மானியும் சேர்ந்திருக்கும். நம் கைபேசிகளில் இவ்விரண்டும் உள்ளன. முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று திசைக்கும் இவ்விரு கருவிகளும் தரும் எண்கள் ஒருமுறைக்கு ஆறு. விநாடிக்கு நூறு முறை அளந்தால் அறுநூறு எண்கள். மருத்துவர் வழக்கமாக நடத்தும் ஆறு நிமிட நடைச்சோதனையில் ஒருவர் நடந்து முடிப்பதற்குள் 2,16,000 எண்கள் குவியும். இவையன்றிச் செருப்பினுள் வைக்கும் அழுத்த உணரிகளும், தரையிற் பதிக்கும் விசைத்தட்டுகளும், மூட்டுகளின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் ஒளிப்படக் கருவிகளும் உள்ளன. நடையைப் பற்றிய இவ்வறிவு செயற்கை உறுப்பு அமைப்போர்க்கும் கைகொடுக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2022-இல் வெளியிட்ட ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால் மூட்டு, ஊன்றும்போது உறுதியாய் நின்று, வீசும்போது இலகுவில் மடங்குமாறு, ஒன்றுக்கு மேற்பட்ட சுழலச்சு கொண்டது. பேருந்திலும் ஆட்டோவிலும் அமர்வதற்கேற்ப 160 பாகை வரை மடங்குவது.

இரண்டு இலட்சம் எண்களை ஒருவர் கண்ணாற் பார்த்துப் பொருள் காணல் இயலாது. இங்கேதான் இயந்திரக் கற்றல் வருகிறது. செய்யுள் இயற்றக் கற்பார் இருவகையினர். ஒருவர் நேரசை, நிரையசை, சீர், தளை என இலக்கணம் பயின்று இயற்றுவர். மற்றொருவர் இலக்கணம் அறியாதவராய், ஆயிரம் பாட்டுக் கேட்டு, ஓசை பிழைத்த இடத்தைச் செவியாலேயே அறிவர். இயந்திரக் கற்றல் இரண்டாம் வகை. ‘இவை நலமுடையார் அடிகள், இவை உணர்விழந்தார் அடிகள்’ என வல்லுநர் பெயர் குறித்துத் தந்த பல்லாயிரம் எடுத்துக்காட்டுகளைப் பொறிக்குக் காட்டுவர். அது முதலில் கண்டபடி ஊகிக்கும். ஊகம் எத்துணைப் பிழைத்தது எனக் கணக்கிட்டு, தன்னகத்துள்ள எண்மதிப்புகளைச் சிறிது திருத்திக்கொள்ளும், மீண்டும் ஊகிக்கும். இவ்வாறு எண்ணிறந்த முறை திருந்தியபின், முன் காணாத ஒருவர் நடையைக் காட்டினும் ஓரளவு சரியாகக் கூறவல்லதாகும். இதன்கண் மாயம் ஒன்றும் இல்லை. கேட்ட பாட்டுகளின் தரத்தைப் பொறுத்ததே பாடகர் செவி.

ஆதலின் இதனைக் கையாள்வார் விழிக்க வேண்டிய இடங்கள் சில உள. முதலாவது, தேர்வு நேர்மை. ஒருவர் நடந்த நூறு அடிகளில் எண்பதைக் கற்பித்து, அவருடைய எஞ்சிய இருபதையே சோதனைக்கு வைத்தால், பொறி நோயை அறியாமல் ஆளை அறிந்தே விடை கூறிவிடும். வகுப்பிற் சொல்லிக்கொடுத்த கணக்கையே தேர்விற் கேட்பது போன்றது இது. சோதனைக்குரியவர் பயிற்சியில் இடம்பெறாத வேற்று ஆளாதல் வேண்டும். இரண்டாவது, மதிப்பெண்ணின் மயக்கம். நூறு பேரில் ஐவர்க்கு மாத்திரம் புண்வரும் நிலை உளதெனக் கொள்வோம். ‘அனைவரும் நலம்’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்த பொறியும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பெறும். எனினும், காக்கவேண்டிய ஐவரில் ஒருவரையும் அது காவாது.

மூன்றாவதே எம் பகுதியார்க்கு மிகவும் வேண்டுவது. ஆய்வுக்கூடத்தின் வழுவழுப்பான தரையில், காலணி அணிந்து நடந்தோரின் அடிகளைக் கற்ற பொறிக்கு, வெறுங்காலோடு வரப்பில் நடக்கும் பாதம் புதிது. சேலை அணிந்தவர் அடி குறுகும். முழங்கால் ஒளிப்படக் கருவிக்குப் புலப்படாது. இடுப்பிற் குடம் ஏந்தியவர் ஒருபுறம் சாய்வர், அது நோயன்று. நாள் முழுதும் சம்மணமிட்டு அமர்ந்து வெடிக்குத் திரி வைத்தவர் எழுந்து வைக்கும் முதற் பத்து அடிகள் வேறு; பின்வைக்கும் அடிகள் வேறு. தீப்புண் ஆறிய தோல் முழங்காலிலும் கணுக்காலிலும் சுருங்கி இறுகினால் அதனால் வரும் நடை வேறு. முப்பதின் மேற்பட்டோர் மாண்ட 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி வெடிவிபத்தை எம் பகுதியார் மறவார். அத்தகைய விபத்துகளிற் பிழைத்தோர் காலடிகள் எந்தப் பொறியின் பாடத்தில் இடம்பெறும்?

பட்டாசுத் தொழிலிடத்திற்கு உரிய தடை ஒன்றும் உண்டு. ஆங்குச் சிறு பொறியும் பேரழிவாம். இரும்பாணி தைத்த செருப்பு ஆகாது. கைபேசி வாயிலிலேயே நின்றுவிடும். மின்கலம் கொண்ட உணரியைக் காலிற் கட்டிக்கொண்டு மருந்து கலக்கும் அறைக்குள் ஒருவர் புகுதல் நினைக்கவும் தகாது. நோய் அறிய வந்த கருவி உயிர்க்கு இறுதி ஆதல் கூடாதன்றோ! எனவே தொழிலாளர் நடையை வீட்டிலும், தெருவிலும், மருத்துவ நிலையத்திலுமே அளத்தல் வேண்டும். அன்றியும் மாரேயின் காற்றறைக் காலணியும், பிராண்டின் சாயக் காலுறையும், மைதடவிய தாளில் அடி பதித்துப் பார்த்தலும் மின்சாரமின்றியே பயன் தந்தவை என்பதை இத்துறையார் மறத்தலாகாது. பத்துக் கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையாற் பாதத்தைத் தொட்டு, உணர்வு உளதா என அறியும் சோதனை இன்றும் மருத்துவர் கையில் உள்ளது. அதற்குக் கணிப்பொறியும் வேண்டா.

பிறிதோர் அச்சமும் உண்டு. நடை, கைரேகை போல, ஆளைக் காட்டிக்கொடுக்கும். முகம் மறைத்தவரையும் நடைகொண்டு அறியும் மென்பொருளைச் சீன நாட்டு நிறுவனம் ஒன்று காவற்றுறையார்க்கு வழங்குவதாக 2018-இல் செய்தி வெளிவந்தது. நாட்கூலி பெறும் ஒருவர் நடை தளர்ந்ததெனப் பொறி கூறும் செய்தி மருத்துவரிடம் செல்லின் அவர் கால் பிழைக்கும். முதலாளியிடம் மாத்திரம் செல்லின் அவர் வேலை போகும். ஒரே செய்தி, சென்று சேரும் இடத்தால் நன்மையும் தீமையும் ஆகிறது. ஆதலின் தம் நடையின் கணக்குத் தமக்கே உரியது என்பதும், தாம் இசைந்தாலன்றி அதனைப் பிறர் கொள்ளலாகாது என்பதும் தொழிலாளர்க்கு முதற்கண் உறுதி செய்யப்படல் வேண்டும்.

இனி, எம் பாட்டனார் செவிக்கும் இப்பொறிக்கும் உள்ள வேற்றுமையைக் காண்போம். அவர் ஐம்பது ஆண்டு ஒரு காலடியைக் கேட்டவர். பாட்டியார் நடை உலகத்தார் நடையின் சராசரியோடு ஒத்ததா என்பதை அவர் நோக்கினாரல்லர். நேற்றைய நடையோடு இன்றைய நடை ஒத்ததா என்பதையே நோக்கினார். பொறிக்கும் இதுவே சிறந்த நெறி என்பது எம் துணிபு. ஒருவர் நலமாயிருக்கும்போதே அவர்தம் நடையைப் பதிந்து வைத்து, திங்கள்தோறும் அதனோடு ஒப்பிட்டால், வெறுங்காலும் சேலையும் வரப்பும் குழப்பம் விளையா. அவரவர் நடைக்கு அவரவர் நடையே அளவுகோல் ஆகும்.

தமிழ் பயில்வார்க்கும் இத்துறையிற் பணியுண்டு. பொறிக்குக் கற்பிக்க வேண்டிய அடிகளுக்குப் பெயரிட்டுத் தருவோர் வேண்டும் என்றோம். தாங்கித் தாங்கி நடத்தல், விந்தி விந்தி நடத்தல், கெந்திக் கெந்தி நடத்தல், காலை இழுத்து நடத்தல், அகட்டி நடத்தல், தத்தி நடத்தல், தள்ளாடி நடத்தல் என எம் ஊர்ப் பெண்டிர் வாயில் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கோளாற்றைக் குறிப்பன. தாங்குவதற்கும் விந்துவதற்கும் உள்ள வேற்றுமை அகராதியிற் காண்பது அரிது. அவர்களைக் கேட்டால் நடந்தே காட்டுவர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் இச்சொற்களைப் பொருளோடு தொகுத்து வருவாராயின், மருத்துவர்க்கும் பொறியியலார்க்கும் அது நல்ல துணையாகும்.

பொறி வரும்போது வருக. எம் வீட்டில் இப்போது இரவுதோறும் எம் தாயார் விளக்கைத் தாழ்த்திப் பிடித்துப் பாட்டியாரின் இரண்டு பாதங்களையும், விரலிடுக்கு உட்பட, பார்த்த பின்னரே உறங்கச் செல்கிறார். பாட்டியார் மெத்தென்ற அடிகொண்ட செருப்பை வீட்டினுள்ளும் அணிகிறார். எம் தந்தையார் வேலையினின்று மீண்டதும் திண்ணையில் அமர்ந்து, “ஐயா, இன்று அம்மா நடை எப்படி?” என்று கேட்கிறார். பாட்டனார் சிறிது பொழுது செவிகொடுத்திருந்து விடை கூறுகிறார். அவர் கூறும் விடையை இன்று யாம் ஒருவரும் நகைப்பதில்லை.